மாடியிலிருந்து நழுவிய மல்டி டூல்

நான் புனே ஏரவாடாவில் கேபிள் டி.வி. வயர் இழுக்கிறவன். கட்டிங் பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூல் வாங்க கேம்ப் கடைவீதிக்குப் போனேன். கடைக்காரன் மிலிட்டரி சரக்கு என்றான். நான் நம்பவில்லை. ஆணியை நறுக்கிப் பார்த்தேன். கத்தியால் ரப்பரைச் சீவிப் பார்த்தேன்.

“க்யா பாய், பொண்ணு பார்க்க வந்தியா?” என்று கடைக்காரன் இந்தியில் கிண்டலடித்தான். எல்லாம் சரியாக இருந்ததால் வாங்கினேன்.

மறுநாள் மூன்றாவது மாடிச் சுவரோரம் நின்று வயரின் தோலைச் சீவினேன். வியர்த்த கையிலிருந்து டூல் நழுவிவிட்டது. கீழ்வீட்டில் என்னிடம் கேபிள் கனெக்‌ஷன் வாங்கியிருக்கும் செல்வி அக்கா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த கத்தி அவர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் கிழித்தது. அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி.

நான் இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

“ஏன்டா, நேத்து படம் தெரியலன்னு திட்டினதுக்கா கத்திய எறிஞ்ச?” என்றார் அக்கா.

“கை நழுவிடுச்சுக்கா.”

“நழுவுமா? நல்லாக் குறி பாத்துத்தான் நழுவியிருக்கு.”

கிழிந்த வாளியிலிருந்து டூலை எடுத்துப் பார்த்தேன்.

அந்த டூலில் கயிறு கோக்க ஓட்டை இல்லை. வாங்கும்போது அதை நான் பார்க்கவே இல்லை. இப்போது கடையில் முதலில் ஓட்டையைத்தான் பார்க்கிறேன். கயிற்றை மணிக்கட்டில் கட்டி, கீழே இருப்பவர்களை விலகச் சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் திறக்கிறேன்.

நான் மாடி ஏறினால் செல்வி அக்கா இன்றும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் மேல் தப்பில்லை.