ஆளுக்கொரு கதவு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஏர்கான் பழுதுபார்க்கும் கம்பெனி வைத்து, சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஐந்தறை வீடு வாங்கி, மகனை டாக்டராக்கி மெல்பர்னுக்கு அனுப்பியவன். யார் தயவும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

சமூக மன்றத்தில் கருத்துக் கேட்கக் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போனேன். பக்கத்து அரசாங்க வாடகை அடுக்குமாடி புளோக்கைச் சீரமைக்க நிதி ஒதுக்கியிருந்தார்கள். குடும்பமில்லாத முதியவர்கள், முன்பின் தெரியாத இரண்டு பேராக, ஒரே அறையில் இருக்கும் புளோக் அது. அந்தப் பணத்தில் ஆளுக்கொரு அறையாகத் தடுத்துக் கதவு போடலாம். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் வட்டாரத்து முதியவர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஒரு கூடம் கட்டலாம். இரண்டுக்கும் பணம் காணாது. ஒவ்வொருவரும் ஒரு பச்சை வில்லையைத் தமக்குப் பிடித்த பக்கம் ஒட்ட வேண்டும். மேசைக்கு ஐந்து பேர், மேசைக்கு ஒரு முடிவு.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்தேன். காப்பிக்கடையில் இடம் பிடிக்க ஊரே செய்வதுதான். என் மனைவி சாப்பாடு வாங்கி வரும்வரை அவள் இடத்தை அப்படித்தான் பிடித்து வைப்பேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் கை தானாக வைத்துவிடுகிறது.

"அண்ணே, யாராச்சும் வர்றாங்களா?"

கைத்தடியோடு ஒருவர் நின்றார். முன்பு லாரி ஓட்டியவராம். அந்த வாடகை புளோக்கில் இருக்கிறாராம்.

"வருவாங்க" என்றது வாய். அவர் நின்றுகொண்டே இருந்ததால் பொட்டலத்தை எடுத்துவிட்டேன்.

பேச்சு தொடங்கியதும் அவர்தான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். கூட இருக்கிறவன் விடியறதுக்குள்ள ரேடியோ போடுறான். செருப்ப மாட்டினா எங்க போறேன்னு கேக்குறான். என் பிஸ்கட்ட தின்னுட்டு ஒண்ணே ஒண்ணு மிச்சம் வெக்கிறான், மரியாதைக்கு."

மேசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இந்த வயசுல சட்டை மாத்தக்கூட கழிவறைக்குள்ள போகணும்ணே."

அப்போது அவர் கைப்பேசி அடித்தது.

"மீட்டிங்ல இருக்கேன்யா. நீ சாப்புடு... எனக்காக எதுக்கு உக்காந்திருக்க? சரி லா, புரோட்டா வாங்கிட்டு வர்றேன்." வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "பாத்தீங்களா? இதான் தொல்லை."

என் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான்.

எனக்கு அந்தக் கூடம் வேண்டியிருந்தது. சொந்தச் சோற்றைத் தின்றவன்தான். ஆனால் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று வடித்தவனுக்குத்தான் தெரியும். கொஞ்சம் போட்டால் அடிப்பிடிக்கிறது, கூடப் போட்டால் மறுநாளும் அதே சோறு.

மற்ற நான்கு பேரும் ஒட்டி முடித்தார்கள். கதவுக்கு இரண்டு, கூடத்துக்கு இரண்டு.

"ஐயா, நீங்கதான் பாக்கி" என்றார் எதிரே இருந்த அம்மா. "சொந்த வீட்டுக்காரர் என்ன சொல்றீங்க?"

லாரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுஷனுக்குச் சொந்தமா ஒரு கதவு இருக்கணும்" என்றேன். "நான் அதுக்காகத்தான் நாயா உழைச்சேன்." வில்லையைக் கதவுப் பக்கம் ஒட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "உங்களுக்குத்தான்ணே புரிஞ்சுது." அப்புறம் மணி பார்த்துவிட்டு, கடையை மூடிவிடுவான் என்று கைத்தடியை ஊன்றிப் புரோட்டாவுக்கு விரைந்தார்.

நான் வீட்டுக்குப் போகாமல் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தேநீர் சொன்னேன். எதிரே இருந்த ஒரே நாற்காலியில் டிஷ்யூவை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துப் பைக்குள் போட்டேன். கடையில் நல்ல கூட்டம். இரண்டு பேர் என் மேசைவரை வந்து, சேர்ந்து உட்கார இடமில்லை என்று வேறு மேசைக்குப் போனார்கள்.