கேபிள் அண்ணன் கேட்ட லீவு

தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் கார்டுகள் செய்கிற பட்டறை அது. அங்கே அவரை எல்லோரும் கேபிள் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கார்டுக்குள் புரோகிராம் ஏற்ற அவர் ஒருவரால்தான் முடியும். கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி.யையும் கார்டின் சீரியல் முனையையும் இணைக்கும் விரல் நீள அடாப்டர், வேறு யார் தொட்டாலும் வாயே திறக்காது. படித்துவிட்டு வந்த இரண்டு இன்ஜினியர்கள் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினார்கள், போர்ட் எண்ணை மாற்றினார்கள், கடைசியில் வேலையையே மாற்றிக்கொண்டு போனார்கள்.

விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்து அனுப்பும் வயரை மறுபக்கத்து வாங்கும் முனையில் குறுக்கே மாட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் அந்தக் கார்டில் அனுப்பும், வாங்கும் முனைகளைக் குறிக்கும் எழுத்துகள் இடம் மாறி அச்சாகியிருந்தன. படித்தவர்கள் முறைப்படி குறுக்கே மாட்டித் தோற்றார்கள். அண்ணன் பத்து வருஷத்துக்கு முன் கவனப் பிசகாக எழுத்துக்கு அதே எழுத்தாக நேராக மாட்டினார், ஏறிவிட்டது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது; அவரை என்னவென்று குறை சொல்வது? கூடவே கொஞ்சம் ஜோடனை வேறு. அடாப்டரைப் பிடுங்கி ஊதுவார், கம்ப்யூட்டரை இரண்டு தரம் அணைத்துப் போடுவார், முதுகைக் காட்டிக்கொண்டு வயரை மாட்டுவார்.

மறைத்ததே அவர் காலைக் கட்டிப்போட்டது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் கடைசி மூச்சுக்குக்கூட அரை நாள் பிந்தித்தான் போனார்.

இப்போது மனைவிக்கு வயிற்றில் கட்டி. நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். "நீங்க வெளியில உக்காந்திருந்தாப் போதும். வேற யாரும் வேணாம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். இருபது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

முதலாளி கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. லீவு கேட்டதும் கெஞ்சினார்.

"நாளைக்கு இருநூறு கார்டு போயாகணும் அண்ணே. நீங்க இல்லாம யாரு ஏத்துவா, நீங்களே சொல்லுங்க. மத்தியானம் நானே உங்கள ஆஸ்பத்திரில கொண்டுபோய் விடுறேன்."

அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அவள் தனியாக உள்ளே போவாள். அவர் கார்டுகளைப் பெட்டியில் அடுக்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே எழுத்தாப் பாத்து மாட்டும்மா. குறுக்க போடாத. இப்ப அந்த பட்டனை அமுக்கு."

ஏறியது. இரண்டாவது கார்டும் ஏறியது.

"இவ்வளவுதானா அண்ணே?" என்றாள் அவள். குரலில் கேலி இல்லை. அதனாலேயே அதிகம் வலித்தது.

முதலாளி திரையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்து நின்றார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சரி, கிளம்புங்க அண்ணே" என்றார் முதலாளி, அண்ணனின் நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டபடி. "அண்ணி நல்லாத் தேறட்டும். எத்தன நாள் வேணாலும் எடுத்துக்குங்க, அவசரமே இல்ல."