பிசிர் இல்லாத வேலை

தொழிற்சாலையில் என் அண்ணிக்குக் கத்திரி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளில் பிசிர் நூலைத் தேடி வெட்டுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதேதான். பேருந்தில் முன்சீட்டுக்காரர் காலரில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால்கூட அவள் கை சும்மா இருக்காது. நான் அதே வரிசையில் காலர் தைப்பவள். "நீ தைக்கிற லட்சணத்துக்கு எனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கு" என்பாள்.

இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. அண்ணன் எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டது நான்தான். பிழைத்து வந்தது மறுபிறவி. டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை வயித்துல தங்கினா உயிருக்கே ஆபத்து. கருத்தடை ஆபரேஷனுக்கு இப்ப உடம்பு தாங்காது. தேறட்டும். அதுவரைக்கும் காப்பர் டி போட்டுடலாம்."

இரண்டு மாதம் கழித்துப் போட்டார்கள். நர்ஸ் முதலில் ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. சின்ன பிளாஸ்டிக் துண்டு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி, கீழே இரண்டு நூல்.

"இது வருஷக்கணக்கா வேலை செய்யும். வேணாம்னா எடுத்துடலாம். முதல் சில மாசம் உதிரம் கொஞ்சம் அதிகமா போகும், வலிக்கும். சிலருக்குத் தானா வெளியே வந்துடறதும் உண்டு. அதனால மாசாமாசம் பீரியட்ஸ் முடிஞ்சதும் விரலால தொட்டுப் பாருங்க. நூல் முனை தட்டுப்படணும். நீளமா தெரிஞ்சாலும் சரி, தட்டுப்படலைன்னாலும் சரி, உடனே வாங்க."

என் மடியில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இருவரும் தலையாட்டினோம். நூல் நீளமாகத் தெரிந்தால் வர வேண்டும் என்ற பாதிதான் எங்கள் மண்டையில் ஏறியது.

முதல் இரண்டு மாதம் நூல் இருந்தது. அண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. "பிசிர் விட்டே அனுப்பிட்டாங்க. என் டேபிளுக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள்.

மூன்றாம் மாதம் கட்டிகட்டியாக ரத்தம் போனது. நர்ஸ் சொன்னதுதானே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தாள். ஒரு வாரம் கழித்து, குழாயடியில் சாப்பாட்டு டப்பா கழுவும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"நூலே இல்லடி. நல்லா பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு."

"அப்போ பாஸ் பண்ணிடலாம் அண்ணி" என்றேன்.

இருவரும் சிரித்தோம். எங்கள் மேஜையில் நூல் தெரியாத சட்டைதான் நல்ல சட்டை. அவள் விரலும் என் புத்தியும் அப்படியே பழகிவிட்டன. அவளாவது சந்தேகப்பட்டு என்னிடம் சொன்னாள். நான் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு வர வேண்டியது வரவில்லை. பால் கொடுப்பதால் தள்ளிப்போகிறது என்றாள். பிறகு மெஷின் எண்ணெய் வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

டாக்டரம்மா ஸ்கேன் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"காப்பர் டி உள்ளே இல்லை. கட்டிகட்டியா போச்சுன்னீங்களே, அந்த ரத்தத்தோட போயிருக்கும். இப்ப ஏழு வாரம். நூல் காணலைன்னதும் ஏன் வரலை?"

"எங்க வேலையில நூல் தெரிஞ்சாத்தான் தப்பு, டாக்டர்" என்றாள் அண்ணி.

அவர் திட்டவில்லை. "கலைச்சுடலாம், நேரம் இருக்கு. ஆனா உங்க உடம்புக்குப் போன தடவை மாதிரி ஆகலாம். ரத்தம் தயாரா வெச்சுக்கிட்டுத்தான் செய்யணும். நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க" என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெரியவளுக்கு வியாழக்கிழமை ஸ்கூல்ல போட்டோ எடுக்கறாங்க" என்றாள். "யூனிஃபார்ம்ல பட்டன் பக்கத்துல நூல் தொங்குது. மறக்காம வெட்டிடு."

"மாட்டேன். நீங்க வந்து வெட்டுங்க அண்ணி."

அவள் என் தோளில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை விரலில் சுற்றி அறுத்தாள்.