மச்சானின் பல்வேரை நான் உலர்த்திய விதம்

தேக்காவில் மாடி கிளினிக் வைத்திருக்கும் என்னைப் போன்ற பல் டாக்டர் செய்யவே கூடாதது, மைத்துனர் வாயில் கை வைப்பது. நான் வைத்தேன்.

என் மனைவியின் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. மூன்று பல்லைச் சேர்த்துக் கட்டிய அவருடைய பிரிட்ஜை ஒரு பக்கம் தாங்கியது அந்தப் பல்தான். அது போனால் மூன்றும் போகும்.

நரம்பை எடுத்த பிறகு வேருக்குள் பசை நிரப்ப வேண்டும். நான் படித்த காலத்துப் பசைக்கு ஈரம் ஆகாது. அன்று கையில் இருந்ததோ புதுப் பசை. வேரில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் இறுகும். பழைய வீம்பில், ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சிகளை வேருக்குள் ஒவ்வொன்றாக விட்டு எடுத்தேன். ஆல்கஹால் ஊற்றினேன். மறுபடியும் குச்சி.

பசைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த உதவியாளர், "டாக்டர், ரொம்ப காய வைக்கக் கூடாதாம் லா. லேசா ஈரம் வேணுமாம்" என்றார்.

"ஈரச் சுவத்துல யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களா? மச்சான், நீங்களே சொல்லுங்க."

வாயில் ரப்பர் ஷீட் மாட்டிய மனிதர் என்ன சொல்வார்? என் ஜோக்குகளுக்கு வாய்க்கும் ரசிகர்கள் எல்லாம் இந்த வகைதான்.

இரண்டு வாரத்தில் வலி என்றார். எக்ஸ்ரே எடுத்தேன். பசை வெள்ளையாக, அழகாகத் தெரிந்தது. இறுகியதா இல்லையா என்று எக்ஸ்ரே சொல்லாது. அது எனக்குத் தெரியும். "எல்லாம் மனசுல மச்சான்" என்று அனுப்பிவிட்டேன். அவர் மகள் பிறந்தநாளன்று, அவருடைய செங்காங் வீட்டில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கேக் தின்பதை நடித்துக் காட்டினேன். அவர் பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து முகம் வீங்கி வந்தார். பல்லைத் திறந்து வேருக்குள் ஊசியை விட்டேன். பசை அன்று வைத்த மாதிரியே கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. இறுகாத பசையின் சந்து வழியே கிருமி இறங்கி, வேரடி எலும்பைக் கரைத்திருந்தது. பல்லைக் காப்பாற்ற வழியில்லை.

"மச்சான், தப்பு என்னுது. ரொம்ப காய வச்சுட்டேன்."

"அப்ப எனக்கு நெசமாவே வலிச்சிருக்கு."

"ஆமா."

"மாப்பிள்ளை, ஒண்ணே ஒண்ணு. ஜோக் அடிக்காம புடுங்குங்க."

பிடுங்கினேன். பிரிட்ஜ் தனியாக டிரேயில் விழுந்தது. கிருமி எட்டாத இன்னொரு வேர் எலும்பைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் கண்ணை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.