பச்சைச் சுவரும் வெள்ளைக் காரும்

எழுபதுகளில் ராயபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். தண்டையார்பேட்டைக் கிடங்கு முதலாளி ஒருவர், புதிதாக வாங்கிய வெள்ளைக் காரைக் கலரில் படமெடுக்கக் கூப்பிட்டார். பட்டுச் சட்டை, எண்ணெய் வழியும் முகம். நிமிடத்துக்கொரு தடவை தோள் துண்டால் பானெட்டைத் துடைப்பார். பக்கத்தில் வெயிலில் நின்ற மனைவிக்கு அந்தத் துண்டு ஒருமுறையும் நீளவில்லை.

கிடங்கின் பச்சைச் சுவரின் நிறம் காரின்மேல் அடித்து, படத்தில் வண்டி பாசி பிடித்ததுபோல் வந்துவிட்டது. சுவரின் நிறம் படாமல் வெயிலில் நின்ற அந்த அம்மாள் மட்டும் படத்தில் அழகாக விழுந்திருந்தார்.

"இன்னா நைனா, வண்டி இம்மாங் கலீஜா கீது?" என்றார், படத்தை வாங்க ஸ்டுடியோவுக்கு வந்த முதலாளி.

அச்சிடும் கருவியில் கலர் பில்டரை மாற்றி, படம் முழுவதிலும் பச்சையை நீக்கி, மறுபடி அச்சிட்டேன். கார் வெளுத்தது. அம்மாளின் முகம் காய்ச்சல் கண்டதுபோல் சிவந்துவிட்டது. வேறிடத்தில் நிறுத்திப் புதிதாக எடுக்கலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு? வண்டி ஷோக்கா கீது. அவள மட்டும் வெட்டி எட்த்துடு."

கூட வந்திருந்த மனைவி காதில் அது விழாமலில்லை. "எனக்கு மொத படத்த குடுண்ணா. அதுல நான் நல்லா கீறேன்" என்றார்.

"அதுல வண்டி பச்சயா கீதேம்மே" என்றார் அவர்.

அவர் கேலி செய்யவில்லை. அதை எதற்குக் கேட்கிறாள் என்று உண்மையிலேயே புரியாமல், என் முகத்தைப் பார்த்தார். இப்படியும் ஒரு மனிதரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.