ஜனாதிபதியின் கீழ்ப்பல்செட்

ஃபெர்மின் கெலோப்பானா எதிரில் வருகிறவரின் வாயைத்தான் முதலில் பார்ப்பார். கண், மூக்கு, சட்டை எல்லாம் அப்புறம். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மணப்பெண்ணின் பெயர்கூட நினைவிருக்காது. மாப்பிள்ளைக்கு மேல்வரிசையில் எந்தக் கடைவாய்ப்பல் சொத்தை என்பது மட்டும் மறக்காது.

சிலி எல்லையை ஒட்டிய தாக்னாவில், சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், வீட்டு முன்கட்டிலேயே இருபத்தாறு வருஷமாகப் பல்செட் கட்டுகிறார். எங்கும் போய்ப் படித்ததில்லை. முதலில் ரயில் பட்டறையில் வார்ப்பு வேலை. மண்ணில் அச்செடுத்து இரும்பு ஊற்றிப் பழகிய கை, பிறகு மாவில் அச்செடுத்துப் பல் ஊன்றத் தானாகவே கற்றுக்கொண்டது. முதல் செட்டை ஹசிந்தாவின் அப்பாவுக்குக் கட்டி, பெண் கேட்கப் போன அன்றே அவர் வாயில் மாட்டிவிட்டார். பிடி கொஞ்சம் இறுக்கம். "முடியாது" என்று சொல்ல மாமனாரால் வாய் திறக்க முடியவில்லை என்று சந்தையில் இன்றைக்கும் பேசுவார்கள்.

"அப்பா தலையாட்டினது வலி தாங்காம. நீ அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்ட" என்பாள் ஹசிந்தா.

அதற்குப் பிறகு ஒரு செட்டும் பிசகியதில்லை. முடிந்த செட்டை வாயில் பொருத்தி, நடுவே நீல மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். எல்லாப் பல்லிலும் நீலம் ஒரே சீராகப் பதிந்தால்தான் செட் பட்டறையை விட்டு வெளியே போகும். ஒரு பல்லில் மட்டும் அழுத்தமாக விழுந்தால், ஆள் மேயராக இருந்தாலும் "அடுத்த சனிக்கெழமை வாங்க"தான்.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சிலிக்காரர்கள். சனிக்கிழமை காலை அரிக்காவிலிருந்து ஷேர் டாக்சியில் வருவார்கள். அச்சுக் கொடுத்துவிட்டு, சந்தையில் காரமான குடல்கறியை ரொட்டியில் தொட்டு விழுங்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அரிக்கா ஒரு மணி நேரம். சொந்தத் தலைநகரமான லிமாவுக்கோ பஸ்ஸில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார வேண்டும்.

அந்த ஆகஸ்டில் லிமாவிலிருந்து ஜனாதிபதி கத்தினார். கடல் எல்லைத் தகராறு. "சிலிக்கு ஒரு சொட்டு உப்புத் தண்ணிகூட விட்டுத்தர மாட்டோம். போர்தான் வேணும்னா, போர்!" பட்டறை ரேடியோவில் இதைக் கேட்டதும் ஹசிந்தா நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் தலையில் கிடந்த தகரப்பெட்டியை இறக்கினாள். தாக்னாவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஒரு காலத்தில் சிலிக்காரன் ஊரைப் பிடித்து ஐம்பது வருஷம் போல வைத்திருந்தான். அப்போது ஓடியவர்கள் கையில் இருந்தது பெட்டிதான்.

ஃபெர்மின் மட்டும் காதை ரேடியோவுக்குக் கொடுத்தபடி சிரித்தார்.

"கிழவி, பெட்டியை மேல வை. அவருக்குக் கோபமே இல்ல. கீழ்ச்செட்டு லூசு."

"யாருக்கு?"

"ஜனாதிபதிக்கு. நல்லாக் கேளு. 'ஸ' வர்ற எடத்துல எல்லாம் விசில் அடிக்குது. செட்டு எகிறாம இருக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசுறாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு மாதாவைக் கும்பிட்டாக்கூடச் சண்டை போடுற மாதிரிதான் இருக்கும்."

"அப்ப போருன்னு ஏன் சொல்றாரு?"

"அதான் சூட்சுமம். சமாதானத்துக்கு நம்ம வார்த்தை என்ன? பாஸ். கடைசியில 'ஸ'. சொன்னாருன்னா செட்டு மைக்குல போய் விழும். போருக்கு? கெர்ரா. தொண்டையிலேருந்து உருண்டையா, பத்திரமா வருது. லூசு செட்டுக்காரனுக்கு அதைவிடத் தோதான வார்த்தை கெடையாது."

"நாட்டுத் தலைவரைப் பத்தி நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுறியே!"

"அவரால அப்படிப் பேச முடியலங்கறதுதானே சிக்கல்."

ஹசிந்தா சிரிக்கவில்லை. எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி அரெக்கிப்பாவில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா புருஷனின் மருந்துக்கடையில் ஃபெர்மினுக்கென்று ஒரு முக்காலி தயாராக இருப்பதாக இரண்டு கடிதம் வந்துவிட்டது.

"இருபத்தெட்டாந்தேதி கொடி ஊர்வலத்துக்கு அவரு நம்ம ஊருக்கே வர்றாரு. இங்க வந்தும் இதே பேச்சுன்னா, ஞாயித்துக்கெழமை பஸ் ஏறுறோம். பட்டறையைப் பூட்டிரு."

ஃபெர்மின் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த முக்காலி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஐம்பத்தெட்டு வயதில் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஃபெர்மின்.

ஊர்வலத்துக்கு முந்தின சனிக்கிழமை அரிக்காவிலிருந்து லௌத்தாரோ வந்தார். சிலி ராணுவத்தில் சமையல் சார்ஜென்ட். முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறவர். மேலும் கீழுமாக முழு செட் கேட்டிருந்தார். மெழுகில் ஊன்றிய பல்லை ஃபெர்மின் அவர் வாயில் வைத்துப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, உங்க ஆளு எங்களை முழுங்கிருவேன்றாரு?"

"மெல்ல முடியாதவங்க முழுங்கத்தான் பார்ப்பாங்க. வாயை மூடாதீங்க."

"பீஸ்கோ சாராயம் எங்களதுன்னு ஒத்துக்கங்க, கடலைப் பாதியாப் பிரிச்சுக்கலாம்."

"பீஸ்கோவா! உங்க ஊர்ல காய்ச்சுறதை வச்சு நான் அச்சுத் தட்டு கழுவுறேன்."

கதவோரம் நின்ற ஹசிந்தாவுக்குப் பொறுமை இல்லை. "சார்ஜென்ட், நிசமாச் சொல்லுங்க. உங்க ஆளுங்க வர்றாங்களா?"

"என்கிட்டக் கேக்குறீங்களே செண்யோரா. அவரைப் பருப்பு எத்தனை மூட்டைன்னு கேளுங்க, சொல்றேன்."

செட்டை அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை, ஊர் சிலியிடமிருந்து மீண்ட நாள். பெருங்கொடியைப் பெண்கள் ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். ஹசிந்தாவும் ஓர் ஓரத்தைப் பிடித்திருந்தாள். மாடிகளிலிருந்து பூ கொட்டியது. ஃபெர்மின் கூட்டத்தில் முழங்கையால் வழி செய்துகொண்டு மேடைக்குப் பத்தடியில் போய் நின்றார். ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த ரொட்டியை ஜனாதிபதி முன்பல்லால் ஒரே கடியில் கிழித்தார். தாக்னா ரொட்டியின் மேலோடு லேசுப்பட்டதல்ல. ஃபெர்மின் இன்னும் ஓரடி முன்னே நகர்ந்தார். பிறகு மேயரின் வரவேற்புரை நீண்டதால் ஜனாதிபதிக்குக் கொட்டாவி வந்தது. உள்ளே கடைவாய் வரைக்கும் தெரிந்தது. எல்லாம் சொந்தப் பல். கல்லில் ஊன்றியது போல.

அதே பேச்சுத்தான். உப்புத் தண்ணீர், ஒரு சொட்டு, போர். 'ஸ' எல்லாம் கத்தி தீட்டின மாதிரி சுத்தமாக விழுந்தன.

ஃபெர்மின் பட்டறைக்கு வந்து ரேடியோவைத் திருகினார். ஒரு பெண் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவளும் 'ஸ'வில் விசில் அடித்தாள். பின்மூடியைக் கழற்றினார். ஸ்பீக்கர் முழுக்க இருபத்தாறு வருஷத்து அச்சு மாவு படிந்திருந்தது.

மறைக்கத் தெரியாத மனிதர். ஹசிந்தா வந்ததும் சொல்லிவிட்டார். "முப்பத்திரண்டும் அவரோடது."

"விசிலு?"

"நம்ம ரேடியோ."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று சிரிக்காமல் துணி மடிக்கப் போனாள். ஃபெர்மினுக்கு அதுதான் போரைவிடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஷேர் டாக்சியில் ஒருவரும் வரவில்லை. பத்து மணிக்கும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. ஹசிந்தா பெட்டிக்குக் கயிறு கட்டினாள். லௌத்தாரோவின் செட்டை ஃபெர்மின் தேய்த்து மினுக்கிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே மினுங்கியது போதாதென்று.

ஒரு மணிக்கு லௌத்தாரோ வியர்த்து விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். கையில் ஆலிவ் காய்ப் பை.

"எல்லையில மூணு மணி நேரம் நிறுத்திட்டாங்க மேஸ்திரி! எம்மாம் பெரிய வரிசை!"

ஹசிந்தாவின் கை கயிற்றில் நின்றது. "பட்டாளமா?"

"பட்டாளந்தான். அரிக்கா மொத்தமும் கெளம்பி வருது. கண்ணாடி மாத்த, பல்லுக் கட்ட, ஜீன்ஸ் வாங்க. செப்டம்பர் பதினெட்டு எங்க சுதந்திர தினம் பாருங்க, புதுசா உடுத்திக்கணுமே. உங்க ஆளு கத்தினதுல பயந்து எல்லாரும் இந்த வாரமே வந்துட்டாங்க. அடுத்த வாரம் எல்லையை மூடிட்டா என்ன பண்றதுன்னு!"

"நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?"

"இல்லையா பின்ன? பதினெட்டாந்தேதி முந்நூறு பேருக்கு இறைச்சி சுட்டுப்போட்டுட்டு நான் வெறும் ஈறோட பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். ஃபெர்மின் செட்டைப் பொருத்தி, நீல மைத்தாளை வைத்தார். "கடிங்க." எடுத்தார். சன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

"வலப்பக்கம் ஒரு காகிதக் கனம் தூக்கலா இருக்கு. இதை நான் குடுக்க மாட்டேன். அடுத்த சனிக்கெழமை வாங்க."

"மேஸ்திரி, எனக்கு நல்லாத்தானே இருக்கு!"

"உங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கு இல்ல."

"செண்யோரா, நீங்களாவது சொல்லுங்க!"

ஹசிந்தா கேட்டாள். "அடுத்த சனிக்கெழமை வருவீங்களா?"

"வராம? என் பல்லு இங்கதானே கெடக்கு!"

"எல்லையை மூடிட்டா? போரு வந்துட்டா?"

"மூடுறவன்கிட்டச் சண்டை போட்டுட்டு வருவேன். போருன்னா கண்டிப்பா வரணும். பொக்கை வாயோட போனா உங்க ஆளுங்க சிரிச்சே என்னைக் கொன்னுருவாங்க."

புலம்பிக்கொண்டே குடல்கறி விழுங்கப் போனார்.

ஃபெர்மின் கை கழுவப் பின்கட்டுக்குப் போன நேரத்தில் ஹசிந்தா செட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இருபத்தாறு வருஷம் பார்த்த கண். மேலே பதினான்கு, கீழே பதினான்கு. இருபத்தெட்டிலும் நீலம் ஒரே சீராக, அச்சடித்தது போல விழுந்திருந்தது. எந்தப் பக்கமும் தூக்கல் இல்லை. நல்ல செட்டைக் கொடுக்காமல் அவர் ஓர் ஆளைத் திருப்பி அனுப்பியது அதுவே முதல் தடவை.

செட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஃபெர்மின் துண்டால் கை துடைத்தபடி வந்தார். அவள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கிழவி, பஸ்ஸு?"

"ஒரு காகிதக் கனத்தைச் சரி பண்ண உனக்கு ஒரு வாரம் வேணுமாமே. அந்த ஆளு பல்லை விட்டுட்டு எப்படிப் போறது?"

அவர் துண்டை மடித்து வைத்தார். காது மட்டும் சிவந்தது.

பெட்டியை மறுபடி அலமாரி மேல் ஏற்ற அவர் நாற்காலியை இழுத்தார். "வேண்டாம்" என்றாள் ஹசிந்தா. பெட்டியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"அடுத்த வாரமும் ஜனாதிபதி பேசுவாரு இல்ல?"