எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே தணிகாசலத்தின் டிக்கெட் கடை. இருபத்தாறு வருடம் ஊரையே ஏற்றி அனுப்பியவர், ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. யார் வந்து "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாலும், "எந்த வாசல்லேர்ந்து எந்த வாசலுக்கு?" என்று திருப்பிக் கேட்பார். பிறகுதான் கணக்கு. டிக்கெட் உறையின் பின்பக்கம் 'வாசல் நேரம்' என்று பென்சிலில் எழுதித் தருவார். அது பத்து நிமிடம் பிசகினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

பெருங்குடியில் வேலை செய்யும் மகள் தமிழ்மொழி, கடைக்காக ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் வரும்.

"நல்லாத்தான் கீது. வாசலைத்தான் காணோம்" என்றார்.

ஒருநாள் காலை ஏழரைக்கு ஜூஸ் கடை இசக்கிமுத்து ஓடி வந்தான். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவுக்கு மூன்று மணிக்கு ஆபரேஷன். சேலத்தில் இருக்கும் மூத்த மகனைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று அடம்.

"உங்க பக்கத்துலயே பாத்துட்டேன் அண்ணாச்சி. சேலம் தூத்துக்குடி முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர், அம்பத்தஞ்சு நிமிசம். அண்ணனை ஏர்போர்ட்டுக்குக் கெளம்பச் சொல்லிட்டேன். டிக்கெட்ட மட்டும் போடுங்க."

"இன்னா நைனா, அது மேப்புல நூலு புடிச்ச கணக்கு. அந்த வழியில பிளேனே கிடையாது."

இசக்கிமுத்து முகம் வெளுத்தது. "மெட்ராஸ் வந்து மாறிப் போலாம்லா?"

"சேலத்துலேர்ந்து பிளேனு மதியத்துக்கு மேலதான். மாறி எறங்கறதுக்குள்ள பொழுது பூடும். அண்ணன் இப்போ எதுல போய்க்கினு கீறாரு?"

"டாக்சில. ஓமலூர் ரோட்டுல."

"அதே வண்டியத் திருப்பச் சொல்லு. நேரா மதுரை வழி. ஆஸ்பத்திரிக்கு எத்தினி வாசல்?"

"ரெண்டு. ஆபரேசன் ரூமு பின்வாசல் பக்கம்."

"அப்போ பின்வாசல்ல எறங்கச் சொல்லு. முன்னாடி எறங்குனா விசாரிச்சே கால் மணி பூடும்."

வண்டி திரும்பி வரும் நேரம், வழியில் ஒரு டீ, மதுரை நெரிசல் எல்லாம் கூட்டிப் பென்சிலில் எழுதினார்: இரண்டு இருபது.

இரண்டு இருபத்தெட்டுக்கு இசக்கிமுத்து மறுபடி ஓடி வந்தான். "பாத்துட்டா அண்ணாச்சி! 'எளச்சுட்டியேல'ன்னுட்டு உள்ள போயிட்டா."

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிசம் பிசகு. டிரைவர் ரெண்டு டீ குடிச்சிருப்பான்."

அன்று மாலையே மகளிடம் சொல்லி, அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார்: 'எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு?'

போன தை மாதம் அவரே ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெருங்குடியிலிருந்து தமிழ்மொழி வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிடம்.

கண்ணைத் திறந்து பார்த்தார். "எந்த வாசல்ல வந்தே?"

"பின்வாசல்பா."

"அதான். கால் மணி மிச்சம்" என்றார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் இருந்தார்.